பன்னிரண்டாம் மாடியில் ஓர் எருக்குழி

1

நான் சிங்கப்பூருக்கு வந்து கடந்த வாரத்தோடு நான்கு ஆண்டுகள் நிறைவுற்றன. அந்த நாளை முன்னிட்டு எதையும் எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் அதே வாரத்தில் என் மைத்துனர் முத்தையா ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அவர் என் காலஞ்சென்ற மனைவியின் தம்பி; எம்.ரெட்டியபட்டியில் இன்றும் பருத்தியும் கம்பும் விதைத்து வருபவர். நலம் விசாரித்து முடித்ததும் சற்றுத் தயங்கினார்.

"மச்சான், ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்க மாப்ளே."

"ஒங்கள அங்கன போலீசு புடிச்சிட்டுப் போயிருச்சுன்னு அருப்புக்கோட்டை பஸ்ஸுல பேசிக்கிட்டு வாராக. குப்பையக் கொட்டுனதுக்குக் கைவெலங்கு மாட்டிட்டாகளாம். நெசமா?"

"பைத்தியக்காரப் பேச்சு."

"நானும் அதத்தான் சொன்னேன். எங்க மச்சான் குப்பை ஆபீசருல்ல, அவுக எப்படி குப்பையக் கொட்டுவாக, சேத்து வச்சுத்தான பழக்கம்னேன். அதுக்கும் சிரிக்கிறாய்ங்க."

நம் வட்டாரத்தின் இந்த இதழை வாசிப்போரில் பலர் என்னை அறிவார்கள். திருச்சுழி வட்டாரத்தில் வேளாண்மைத் துறை அலுவலனாக நெடுங்காலம் பணியாற்றியவன் நான். பேருந்தில் ஏறி இறங்குவோர் வாயில் என் பெயர் இவ்வாறு அடிபடுவதை அனுமதிக்க இயலாது. ஆகவே நடந்ததை நானே எழுதிவிடத் தீர்மானித்தேன். போலீசார் எவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எவர் கையிலும் விலங்கு மாட்டப்படவில்லை. நடந்தது அதைவிடச் சிறிய விஷயம் என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் தாளை எடுத்தேன். எழுத உட்கார்ந்தபின் அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை.

2

முதலில் "குப்பை ஆபீசர்" என்ற பட்டத்தைப் பற்றி. அதை எவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள் என்பதை நான் அறிவேன். மதுரையில் வேளாண்மைப் பட்டம் பெற்று, நான் விரும்பிக் கேட்டு வாங்கிய இடம் எங்கள் சொந்த மானாவாரிச் சீமை. பணியில் சேர்ந்த காலத்தில் கிராமங்களில் எருவை வெயிலில் குவித்து வைத்திருப்பார்கள். மாசியில் குவித்தது ஆடியில் பார்த்தால் பாதி தூசியாகிக் காற்றில் போயிருக்கும். மீதியைக் கரையான் தின்றிருக்கும். நான் குழி வெட்டச் சொன்னேன். பருத்திமாரும் சோளத்தட்டையும் ஓர் அடுக்கு, சாணமும் வீட்டுக் கழிவும் ஓர் அடுக்கு, மேலே கரிசல் மண் பூச்சு. இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்தியது ஒன்றைத்தான்: ஈரம் குறையவே கூடாது.

அதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. ஒரு முறை கிராமம் ஒன்றில் தலையில் குடத்தோடு வந்துகொண்டிருந்த பெண்மணி ஒருவர் கூட்டத்தின் நடுவே நின்றுவிட்டார்.

"ஏஞ்சாமி, குடிக்கிற தண்ணிக்கே ரெண்டு மைல் நடக்கோம். நீங்க குப்பைக்குத் தாகம் எடுக்குதுங்கிறீக."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "பாத்திரம் கழுவுன தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணி, மாடு குடிச்ச மிச்சம், எல்லாத்தையும் அதுல ஊத்தும்மா. ஈரம் இருந்தா கரையான் அண்டாது" என்றேன். அந்த ஆண்டு அந்தப் பெண்மணியின் குழியில்தான் நல்ல எரு கிடைத்தது. கறுப்பாக, உதிரியாக, மழை விழுந்த மண்ணின் வாசனையோடு. அந்த எருவை ஒரு தாளில் பொட்டலமாக மடித்து என் மேசையில் பல மாதங்கள் வைத்திருந்தேன். எருவுக்கு வரும் கேடு வறட்சி, அதற்கு மருந்து தண்ணீர் என்பது அந்த நாளில் என்னுள் படிந்துபோயிற்று.

3

சிங்கப்பூரில் என் மகன் கதிரேசன் குடும்பம் அப்போது வாடகைக்கு இருந்த வீடு பன்னிரண்டாவது மாடியில். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரத்துக்காக நான்கடி அகலத்தில் ஓர் இடம் உண்டு. குப்பையைக் கொட்டச் சுவரில் ஓர் இரும்புக் கதவு. அதைத் திறந்து பையைத் தள்ளினால் அது பன்னிரண்டு மாடியும் விழுந்து சேரும். விழும் ஓசை மட்டும் கேட்கும். காலை ஏழரை மணிக்குக் கதிரேசனும் மருமகள் சுமதியும் வேலைக்கும், பேத்தி இனியா பள்ளிக்கும் கிளம்பிய பிறகு, மாலை வரை அந்த வீட்டில் எனக்குக் காதில் விழுந்தது அந்த ஓசை ஒன்றுதான். மேல்மாடிகளிலிருந்து வாழைப்பழத் தோலும் கீரைத் தண்டும் விழுந்துகொண்டே இருந்தன.

இரண்டாம் ஆண்டில் இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்றை மூடியோடு வாங்கி வந்து, துணி துவைக்கும் இடத்தில் வைத்தேன்.

"அப்பா, இங்க அதெல்லாம் வேணாம்ப்பா" என்றான் கதிரேசன். "ஒரு பூச்சி வந்தாலும் பில்டிங் ஆபீசுல புகார் போயிரும்."

"பூச்சி ஏன் வரப்போகுது? ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவனுக்கு ஒரு வாளியப் பாத்துக்கிடத் தெரியாதா?"

"தெரியாதுன்னு சொல்லலப்பா."

அவன் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தான். சிறு வயதிலிருந்தே என்னை எதிர்த்துப் பேசி வளர்ந்தவன் அல்லன். அதை நான் பெருமையாகக் கருதி வந்தேன்.

வெங்காயத் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, தேயிலைச் சண்டு, மீந்த சோறு, குழம்பு, மீன் முள் அனைத்தும் அந்த வாளிக்குள் போயின. ஒன்று நிறைந்து இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. சில வாரங்களில் வாடை எழத் தொடங்கியது. மூடியைத் திறந்தால் சிறு ஈக்கள் புகை போல் கிளம்பின. பின்னர் விரல் நக நீளத்தில் பழுப்புப் புழுக்கள் வாளியின் விளிம்பில் ஏறி நடந்தன. இரவில் கரப்பான் பூச்சிகள் எங்கிருந்தோ வந்தன.

அறிகுறிகளை ஆராய்ந்தேன். பூச்சி அண்டுகிறது, ஆகவே ஈரம் போதவில்லை. என் பட்டப்படிப்பும் பணியனுபவமும் சேர்ந்து எனக்களித்த முடிவு அது. காலையில் அரிசி களைந்த தண்ணீர், மாலையில் புளித்த மோர் என்று முறை வைத்து ஊற்றினேன். வாடை பெருகியது, தண்ணீரையும் பெருக்கினேன்.

இன்று யோசிக்கையில் பிழை எங்கே என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. எருவுக்கு ஈரம் ஒரு பாதி. உலர்ந்த பொருள் மறுபாதி. எங்கள் சீமையில் உலர்ந்த பொருளைப் பற்றி எவருக்கும் போதிக்க வேண்டியதில்லை. பருத்திமார், தட்டை, சருகு என்று காலில் தடுக்குவதெல்லாம் உலர்ந்ததுதான். காற்றே உலர்ந்தது. எனவே பாடத்தின் அந்தப் பாதியை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமலே இருந்ததால் அப்படி ஒரு பாதி உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. நாள்தோறும் மழை பெய்யும் ஊரில், சுவரே வியர்க்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் திருச்சுழியின் கோடையோடு போரிட்டுக்கொண்டிருந்தேன்.

இதை முத்தையா அன்றே சொன்னார். கேட்கும் நிலையில் நான் இல்லை.

"என்ன மச்சான், குப்பை எப்படி இருக்கு?"

"கொஞ்சம் புழு தட்டுது. மோர் ஊத்தியிருக்கேன்."

"மோரா? சோத்துக்கு ஊத்துறத சொல்றீகளா, குப்பைக்கு ஊத்துறத சொல்றீகளா?"

"நுண்ணுயிர் பெருகணும்ல."

"மச்சான், நான் எட்டாங்கிளாஸு. ஆனா ஒண்ணு சொல்றேன். தண்ணிய நிப்பாட்டுங்க. அங்க தெனமும் மழைன்னு நீங்கதான சொன்னீக? நனைஞ்ச சேலையக் காயப்போடாம இன்னும் ஒரு கொடம் ஊத்துனா என்னத்துக்கு ஆகும்? நாலு காஞ்ச எலையப் பெறக்கிப் போடுங்க."

"இதுக்கு ஒரு முறை இருக்கு மாப்ளே. நான் படிச்சிருக்கேன்."

"சரி, அப்ப கோழி ஒண்ணு வாங்கி விடுங்க. புழுவ அது பாத்துக்கிடும். பன்னெண்டாவது மாடியில இருந்து கூவுனா ஊருக்கே விடியும்."

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் வேறு அழைப்பு வருவதாகச் சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன். அன்று வேறு அழைப்பு எதுவும் வரவில்லை.

இனியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. என்னோடு தமிழில் பேசுவது அவளுக்கு வீட்டுப்பாடம் போல. ஒரு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இதற்குத் தமிழில் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "நாற்றம்" என்றேன். நான்கு ஆண்டுகளில் நான் அவளுக்குக் கற்பித்த சொற்களில் அவள் தடையின்றிப் பயன்படுத்தியது அது ஒன்றே. "தாத்தா, நாற்றம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சனிக்கிழமைகளில் விளையாட வரும் அவளுடைய இரு தோழியர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். காரணத்தை நான் விசாரிக்கவில்லை.

4

எங்கள் அடுத்த வீட்டில் லிம் என்ற முதிய சீன அம்மையார் இருந்தார். மகளின் கைக்குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்பவர். எங்களுக்குள் பொதுமொழி கிடையாது. அவர்களுடைய புத்தாண்டின்போது இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் ஏந்தி என்னிடம் நீட்டுவார். நானும் இரு கைகளாலும் வாங்கிக்கொள்வேன். அந்தக் குழந்தையின் பால்மாவு டப்பாவுக்குள் ஒரு காலையில் கரப்பான் பூச்சிகள் கிடந்திருக்கின்றன.

கட்டட நிர்வாக அலுவலகத்திலிருந்து இளம்பெண் ஒருத்தி வந்தாள். வீட்டில் அப்போது நான் மட்டுமே இருந்தேன். வாளிகளைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்குத் தாழ்வான எண்ணம் எக்காலத்திலும் இருந்ததில்லை. நிமிர்ந்து நின்று, "ஐ ஆம் பிரிப்பேரிங் ஃபார்ம்யார்ட் மெனியூர்" என்றேன். பாடப்புத்தகத்தில் தொழுவுரத்துக்கு உள்ள பெயர் அது. அவள் முகம் மாறியது. எந்த விலங்கின் கழிவு என்று கேட்டாள். விலங்கு எதுவும் இல்லை என்றேன். விலங்கை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவள் பூர்த்தி செய்த படிவத்தில் "விலங்குக் கழிவு" என்ற கட்டத்தில் குறி இடப்பட்டது. அதைத் திருத்தச் சொல்லி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்துக்கு, கடிதம் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அதோடு வீட்டுச் சொந்தக்காரருக்கும் ஓர் அறிவிப்பு போயிற்று. அவர் கதிரேசனை அழைத்து, இன்னொரு புகார் வந்தால் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை சுமதி என் முன் வந்து நின்றாள். அருப்புக்கோட்டைக் கடைவீதியில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"மாமா, இந்த வீட்டப் பிடிக்க நாங்க ஆறு மாசம் அலைஞ்சோம். பிள்ளை ஸ்கூலுக்கு நடந்து போயிட்டு வரா. எனக்கு ஒரே பஸ்ஸு. இது போச்சுன்னா இதுமாதிரி கெடைக்காது. ஒங்கள நான் கொறை சொல்லல. ஆனா அது இருக்கக் கூடாது மாமா."

கதிரேசன் அவளைப் பார்த்து, "அப்பாகிட்ட ஒருதரம் சொன்னாப் போதும்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "எடுத்துருவீங்கள்லப்பா?" என்றான்.

"நாளைக்கே எடுத்துருவேன்."

மறுநாள் இரண்டு வாளிகளில் இருந்ததைப் பைகளில் கட்டி அந்த இரும்புக் கதவுக்குள் தள்ளினேன். விழும் ஓசையை நின்று கேட்டேன். மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவருகே வைத்தேன். அது எல்லாவற்றிலும் பழையது. அடியில் எரு ஆகியிருக்கும் என்று உறுதியாக நம்பினேன். இன்னும் சில வாரங்கள். ஒரு பிடி கறுப்பு எருவைக் கதிரேசனின் உள்ளங்கையில் வைத்துவிட்டால் போதும்; அதன்பின் வாளியையே கொட்டிவிடலாம். அதையும் தள்ளிவிட்டால், பணிக்காலம் முழுதும் நான் ஊருக்குச் சொன்னவை யாவும் அந்தப் பையோடு சேர்ந்து விழுந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

இங்கே வீடுகளில் போர்க்காலப் பாதுகாப்புக்கென்று ஜன்னலற்ற சிறு அறை ஒன்று கட்டியிருப்பார்கள். கனத்த இரும்புக் கதவு. எல்லோரும் அதில் பெட்டிகளை வைத்துக்கொள்வார்கள். வாளியை அங்கே, ஊரிலிருந்து நான் கொண்டுவந்த பெரிய பெட்டியின் பின்னால் வைத்தேன். அதன்பின் கழிவு எதையும் அதில் போடவில்லை. தண்ணீர் மட்டும் தெளித்து வந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கதிரேசன் காலணியை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சுல்லப்பா?"

"எடுத்தாச்சு."

அவன் தலையசைத்துவிட்டுப் போனான். துவைக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று அவன் நினைத்தான்.

5

மூன்று வாரங்களுக்குப்பின் ஒரு சனிக்கிழமை முற்பகலில் அதே இளம்பெண் மீண்டும் வந்தாள். உடன் பூச்சி ஒழிப்புப் பணியாளர் ஒருவர், கையில் விளக்கோடு. லிம் அம்மையாரின் வீட்டில் மறுபடியும் கரப்பான் பூச்சிகள். இம்முறை குழந்தையின் தொட்டிலில். அந்த அம்மையார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

கதிரேசன் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் பேசினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என் தந்தை அரசு அதிகாரியாக இருந்தவர். எல்லாவற்றையும் அகற்றிவிட்டதாக என்னிடம் சொன்னார். அவர் சொன்னால் அது அப்படித்தான். நீங்கள் தாராளமாகப் பார்க்கலாம்." அவன் குரலில் அச்சம் இல்லை. வீட்டுச் சொந்தக்காரரின் எச்சரிக்கை நினைவிருந்தும் அச்சம் இல்லை. சுமதிகூட அமைதியாக நின்றாள்.

பணியாளர் சமையலறை, பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிப்புறம், துவைக்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்தார். சுத்தமாக இருந்தன. அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள். நான் சோபாவில் அமர்ந்து செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தேன். ஒரு வரியும் படிக்கவில்லை. பணியாளர் கூடத்தைக் கடக்கும்போது அந்தப் பாதுகாப்பு அறையின் இரும்புக் கதவருகே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"அது பெட்டிகள் வைக்கும் அறை" என்றான் கதிரேசன். "அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்." அவனே கதவைத் திறந்தான்.

வெளிவந்த வாடையைப் பற்றி எழுத வேண்டியதில்லை. விளக்கொளி பட்டதும் சுவர் நகர்வது போலப் பூச்சிகள் கலைந்து ஓடின. பணியாளர் என் பெட்டியை ஒரு பக்கமாக இழுத்தார். வாளி தெரிந்தது. மூடியைச் சுற்றிலும் ஈரம் கசிந்து தரையில் வட்டமாகத் தேங்கியிருந்தது.

"இது யாருடையது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

கதிரேசன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம், நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தான். அது மட்டும் எனக்கு ஐயமின்றித் தெரிந்தது. என்னால் எழுந்திருக்க முடிந்திருக்கும். "என்னுடையது" என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சிறிய சொல் போதும். நான் செய்தித்தாளை மடித்தேன். மடித்ததை மறுபடி மடித்தேன்.

"என்னுடையது" என்றான் கதிரேசன்.

"இருப்பது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் பேனாவைத் திறந்து எழுதினாள். அவன் கையெழுத்திட்டான். வாசலில் லிம் அம்மையார் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே என் மகனைப் பார்த்தார். அவனை அவர் அன்றுவரை அவ்வாறு பார்த்ததில்லை.

நான் ஏன் பேசவில்லை என்பதற்கு அன்று எனக்குக் காரணங்கள் இருந்தன. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வாசலில் அயலார் நின்றார்கள். மருமகள் நின்றாள், அவள் அப்பா வீட்டில் இதைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்று பழகியவனுக்குக் குனிவதற்கு ஒரு கணம் கூடுதலாகத் தேவைப்படுகிறது, அந்தக் கணத்துக்குள் மகன் முந்திக்கொண்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையன்று. அவன் காத்திருந்தான்.

அவர்கள் போனதும் சுமதி அறைக்குள் சென்றாள். கதிரேசன் வாளியைத் தூக்கினான். மின்தூக்கியில் வாடை தங்கிவிடும் என்று பன்னிரண்டு மாடியும் படியில் இறங்கிப் போனான். திரும்பி வந்தவன் சட்டை முழுவதும் வியர்வை. குழாயில் கையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அடியில கருப்பா ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் தண்ணி."

அடியில் எரு ஆகியிருக்கும் என்றுதான் அதை ஒளித்து வைத்தேன் என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை. ஆனாலும் கொட்டும்போது அடியில் பார்த்திருக்கிறான்.

6

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது தீவின் மறுகோடியில், முன்னதைவிடச் சிறிய வீட்டில் இருக்கிறோம். இனியா விடியும் முன்பே எழுந்து பேருந்தில் பள்ளிக்குப் போகிறாள். பேருந்திலேயே தூங்கிவிடுவதாகச் சொன்னார்கள். சுமதி இரண்டு பேருந்து மாறுகிறாள். வீட்டைக் காலி செய்த நாளில் லிம் அம்மையாரின் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்க எண்ணினேன். சட்டை மாற்றிக்கொண்டு போய் நின்றேன். எந்த மொழியில் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கீழே லாரி வந்துவிட்டது. அதன்பின் மொழியின்மேல் பழி போட்டுக்கொண்டேன்.

மகனுடைய பெயர் நிர்வாகத்தின் ஏடுகளில் ஏறியிருக்கிறது. திருத்தக் கோரி ஒரு கடிதம் வரைந்தேன். அவனிடம் காட்டியபோது, "வேணாம்ப்பா, முடிஞ்சு போச்சு" என்றான். கடிதம் என்னிடமே இருக்கிறது. அனுப்பியிருந்தாலும், கடிதம் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரு வரி வந்திருக்கும்.

ஊரில் இப்போது பலர் டவுனுக்குக் குடிபெயர்ந்து மாடி வீடுகளில் வசிப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களில் எவரேனும் வீட்டுக் கழிவை எருவாக்க விரும்பினால், என் முன்னாள் பதவியை மறந்துவிட்டு, தோற்றவன் சொல்வதாக எண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு உலர்ந்த பொருள் போடுங்கள்: சருகு, கிழித்த செய்தித்தாள், அட்டைப்பெட்டித் துண்டு, தேங்காய் நார்த்தூள். கழிவைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே உலர்ந்ததால் மூடிவிடுங்கள். ஈக்கு எதுவும் கண்ணில் படக் கூடாது. சோறு, குழம்பு, எண்ணெய், மீன் இவற்றுக்கு அங்கே இடமில்லை. வாளியின் பக்கங்களில் துளையிட்டு உட்புறம் கொசுவலை ஒட்டுங்கள். காற்றுக்கு வழியும் பூச்சிக்குத் தடையும் வேண்டும். வாரம் இருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் அன்று உலர்ந்ததை மட்டும் போடுங்கள். நம் ஊர் வெயிலில் அது காய்ந்து போனால் தண்ணீர் தெளியுங்கள். ஆனால் பிழிந்து பார்த்த பிறகு. அரிசி களைந்த தண்ணீரை மாட்டுக்கு வையுங்கள். இவ்வளவையும் முத்தையா ஒரே மூச்சில் சொன்னார். நான் எழுதுவதற்கு இத்தனை வரிகள் தேவைப்பட்டிருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு அவர் என்னை அழைத்துக் கேலி செய்வார். இம்முறை நான் தொடர்பைத் துண்டிக்க மாட்டேன். ஆனால் அவரிடம் சொல்வதால் இங்கே எதுவும் மாறப்போவதில்லை.

கதிரேசன் என்னிடம் கடுமையாக ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்றும் இல்லை, இன்றுவரை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பிடித்த வெள்ளைப்பணியாரம் வாங்கி வருகிறான். மருத்துவரிடம் அழைத்துப் போகிறான். அறைக்குள் வரும்போது முன்போலவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறான். மரியாதையில் ஓர் அணுவும் குறையவில்லை என்று எவரிடமும் நான் சத்தியம் செய்யலாம்.

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும்போது கேட்டான்.

"பிரஷர் மாத்திரை போட்டாச்சாப்பா?"

"போட்டாச்சு."

"சரிப்பா" என்றான். மேசைக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, காலியான குழிகளை விரலால் எண்ணினான். எண்ணிக்கை சரியாக இருந்தது. வைத்துவிட்டு, "வாரேன்ப்பா" என்று கிளம்பினான்.

நான் போட்டிருந்தேன்.